தலையில்லாத பேராசிரியரும் முப்பத்தொரு இதழ்களும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அண்ணன், அண்ணி நான்கு பேரும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை, முப்பது வருஷம் தையல் மெஷின் மிதித்த கால் என்பதால் அதை நான் திட்டுவதில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன் பண்ணியிருக்கலாமே என்று கேட்பாய். போன் பண்ணினால் நீ அழுவாய், உடனே நானும் அழுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். நீயும் இந்தத் தடவை கடிதம்தானே போட்டாய். அது வந்து பன்னிரண்டு நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுமையில்லாமல் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, உன்னை எனக்குத் தெரியும்.

முதலில் பேப்பரில் வந்த கதை. வங்கியில் வேலை பார்க்கிறவர், கால்சட்டைக்கு நான்கு பை வைத்தே ஆகவேண்டும் என்று அடம் பிடிப்பாரே, அவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தார். அக்கா, உங்க பொண்ணு படம் வந்திருக்கு, பாருங்க என்று வெட்டு மேசையில் நான் விரித்து வைத்திருந்த துணி மேலேயே அதைப் போட்டார். என்னமோ ஏதோ என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அவர்தான் உட்கார்ந்து நிதானமாகப் படித்துச் சொன்னார். ஒழுங்கான ஆய்விதழ் என்றால் துறை தெரிந்த இரண்டு மூன்று பேர் கட்டுரையைப் படித்துக் குற்றம் குறை சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போகுமாம், ஆனால் கட்டணம் வந்தால் போதும் என்று யாருமே படிக்காமல் நிபுணர்கள் பார்த்தாயிற்று என்று எழுதிவிடுகிற இதழ்கள் ஏராளமாம், அதைக் காட்டிக்கொடுக்க நம் வீட்டுப் பெண் வேண்டுமென்றே ஒரு பொய்க் கட்டுரை எழுதினாளாம். ஜன்னலைப் பார்த்துப் படுத்தால் உடைந்த எலும்பு ஒன்பதே நாளில் கூடிவிடும் என்று. அனுப்பியதில் பாதி இதழ்களுக்கு மேல் ஆகா ஓகோ என்று ஏற்றுக்கொண்டனவாம், ஒன்று நான்கே நாளில் அச்சிலும் போட்டுவிட்டதாம். எழுதியவர் என்று அதில் போட்டிருந்த பெயர் பேராசிரியர் மகாராணி. அதைக் கேட்டதும் அப்பா பொத்தானுக்குக் காஜா எடுப்பதை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் நம் மகாராணி நிற்கிறாள், தலையும் கிடையாது, கையும் கிடையாது, அரைகுறையாய்த் தைத்த கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு. ஆறு வயதில் நீ பெயர் வைத்த தையற்கடைப் பொம்மை. அவளை ஆசிரியர் குழுவில் சேரச் சொல்லி ஒரு இதழ் கெஞ்சிக் கடிதம் போட்டிருக்கிறதாம். அப்பா எழுந்து போய் அவள் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டு, இனிமே இவங்களை மரியாதையா நடத்தணும் என்று சொன்னார், வங்கிக்காரருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கட்டுரையின் ஒரு பக்கத்தையும் இதழின் பெயரை மறைத்துப் படமாகப் போட்டிருந்தார்கள். எனக்கு அந்த ஆங்கிலமெல்லாம் தெரியாது, ஆனால் எண் தெரியும். அட்டவணையில் முதல் வரியைப் பார்த்தேன், பதினாறு, பதினெட்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு. இதென்னடா தெரிந்த ஆளாக இருக்கிறதே என்று தோன்றியது. கழுத்து பதினாறு, தோள் பதினெட்டு, மார்பு நாற்பத்திரண்டு, இடுப்பு நாற்பத்தாறு, மார்பை விட இடுப்பு நான்கு அங்குலம் கூட, நம் பேக்கரிக்காரரைத் தவிர வேறு யார்? ஆறாவது வரியில் மருந்துக்கடைக்காரர், இடது கை இருபத்து நான்கு, வலது கை இருபத்து நான்கரை. போன தடவை வந்தபோது என் அளவு நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாயே, ஏதோ ஆசைக்கு எடுக்கிறாள் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன், கள்ளி. என் வாடிக்கையாளர் பதினெட்டுப் பேரையும் எலும்பு முறிந்த நோயாளிகளாக்கிப் படுக்க வைத்திருக்கிறாய். அந்த நாற்பத்தாறுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வங்கிக்காரரிடம் கேட்டேன், எலும்பு கூட ஆன நாள் என்றார். ஒன்பது நாளில் கூடும் என்று மேலே எழுதிவிட்டுக் கீழே நாற்பத்தாறு என்றால் எப்படி என்றேன். அவர் என்னையே பார்த்தார். அக்கா, இதை அந்த இதழ்ல ஒருத்தரும் கேக்கலையே என்றார். பேக்கரிக்காரரிடம் மட்டும் நானே போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபமே இல்லை, தன் இடுப்பு வெளிநாட்டு இதழில் வந்துவிட்டது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருந்தாலும் இனி யாருடைய அளவையும் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடு.

எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும், நான் டேப்பைப் பிடித்து அளவு சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத வேண்டும், எழுதியதைத் திருப்பி வாசிக்க வேண்டும், வாசிக்கக் கேட்காமல் நான் கத்தரிக்கோலைத் தொடமாட்டேன். எட்டு வயதிலிருந்து நீதான் எழுதி வாசிப்பாய். ஒருநாள் கல்யாணக் கோட்டு ஒன்றுக்கு, அம்மா இந்தக் கை ரொம்ப நீளமா இருக்கு, மறுபடி அளங்க என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது, அளந்தேன், நீ சொன்னதுதான் சரி. அன்றைக்கு உன்னைப் பாராட்டாமல் போய் டீ வாங்கி வா என்று விரட்டினேன். அந்தப் பாராட்டை இப்போது வாங்கிக்கொள்.

சரி, இனி உன் அண்ணன் விஷயம். அந்தப் பேப்பரை அன்று சாயங்காலமே கடைக்கு வந்து பார்த்தான். பெயரை மறைத்திருந்தாலும் பக்கத்தின் தலைப்பில் ஒரு பச்சைக் கரை இருந்ததே, அதே பச்சைக் கரை வெட்டு மேசைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்தது, அந்த இதழில் வந்த அவனுடைய கட்டுரையின் முதல் பக்கம். போன வருஷம் அது வெளிவந்த பிறகுதான் கல்லூரியில் அவனைத் துறைத் தலைவராக்கினார்கள். நான்தான் சட்டம் போட்டேன், துணி கொடுக்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்துக் காட்டினேன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை. அண்ணன் ஒரு தடவை பேப்பரைப் பார்த்தான், ஒரு தடவை சுவரைப் பார்த்தான், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அப்புறம் உனக்குப் போன் பண்ணிக் கத்தினானாம், என் சோத்துல மண்ணைப் போட்டுட்டியே என்று சொன்னானாம், நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். பொய்க் கட்டுரையை ஏற்றுக்கொண்டவை என் பட்டியலில் மொத்தம் முப்பத்தொரு இதழ்கள், அடுத்த மாதம் பெயரோடு வெளியிடப் போகிறேன், நீ சொன்னால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடுகிறேன் அம்மா, யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தாய்.

உன்னிடம் மறைப்பானேன். எடுத்துவிடு கண்ணு, அவன் குடும்பஸ்தன் என்றுதான் முதலில் உனக்குப் பதில் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும் வைத்தேன். அப்பாவிடம் கூடச் சொல்லவில்லை. ஆனால் தபால் பெட்டி வரை போவேன், திரும்பி வருவேன், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்தேன். இப்படியே நான்கு நாள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை பூட்டியிருக்கும்போது அண்ணன் தனியாக வந்தான். நேரே போய் ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தச் சட்டத்தைக் கழற்றினான். மெஷின் முன்னால் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு பேசினான். இரண்டு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி, சின்ன வியாபாரிகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று விசாரித்து எழுதியது அது, பொய் ஒன்றும் இல்லை, அதை நீயும் தெரிந்துகொள். முதலில் நல்ல இதழ் ஒன்றுக்குத்தான் அனுப்பினானாம். அவர்கள் நான்கு பக்கத்துக்குத் தவறுகளை எழுதித் திருப்பி அனுப்பினார்களாம். பார்த்ததும் அவமானமாகிவிட்டதாம், பதவிக்கு மனு போடும் தேதி வேறு நெருங்கிவிட்டது, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் இந்தப் பச்சைக் கரைக்காரர்களுக்கு அனுப்பிவிட்டான். யாரும் படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதாம்மா அனுப்பினேன் என்றான். நான் ரெண்டு வருஷம் அலைஞ்சு எழுதினதும் அவ பொம்மை பேர்ல எழுதினதும் இப்ப ஒரே இடத்துல கிடக்கு, கோவம் அவ மேல இல்லம்மா என்றான். பிள்ளை அழுதான், கண்ணு. நாற்பது வயதுப் பிள்ளை அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன், நானும் அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை கல்லூரி முதல்வரிடம் போய், இந்தக் கட்டுரையை என் கணக்கில் சேர்க்க வேண்டாம், இதை வைத்துக் கொடுத்த பதவியையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். முதல்வர் ஆடிப்போய்விட்டாராம். யாருமே கேக்கலியே, நீங்களா ஏன் வந்து மாட்டிக்கிறீங்க என்றாராம். இவன் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டானாம். இப்போது கல்லூரியில் பழையபடி மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறைக்கு மாறியிருக்கிறான், அண்ணிதான் போய்ப் புத்தகங்களை அடுக்கிக் கொடுத்தாள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, தங்கமான பெண். முதல்வரைப் பார்த்துவிட்டு அவன் வீட்டுக்கு வந்தபோதுதான் உன் கடிதத்தை அவனிடம் காட்டினேன். ஒட்டி வைத்திருந்த என் கடிதத்தையும் காட்டினேன், மறைக்கப் பிடிக்கவில்லை. இரண்டையும் படித்தான். ஒண்ணை மறைச்சா மிச்ச முப்பதையும் எவன் நம்புவான், போடச் சொல்லும்மா என்றான். பிறகு, நான் இப்ப அவகிட்ட பேசமாட்டேன், கொஞ்ச நாள் போகட்டும் என்றும் சொன்னான். என் கடிதத்தை நானே கிழித்துப் போட்டேன்.

ஆகையால் இதுதான் என் பதில். முப்பத்தொன்றும் வர வேண்டும். அந்தப் பெயரை மெலிதாகவோ ஓரமாகவோ போடாதே, மற்ற பெயர்களைப் போலவே போடு. உங்கள் இருவரையும் பெற்றவள் சொல்கிறேன், பழி வந்தால் என் மேல் வரட்டும். ஊரில் நாலு பேர் சிரிப்பார்கள்தான், சிரிக்கட்டும். ஒரு பிள்ளை பொய்யைப் பிடித்தாள், ஒரு பிள்ளை யாரும் பிடிக்காமலே ஒப்புக்கொண்டான், இந்தக் கடையில் இதைவிட நான் வேறு என்ன தைத்துவிட்டேன். பொய்ப் பெயரில் கட்டுரை அனுப்பியதற்காக உன் மேலதிகாரி விசாரணை வைக்கப் போவதாக எழுதியிருந்தாய். பயப்படாமல் போய் நடந்ததை நடந்தபடி சொல், தலையை வாரிக்கொண்டு போ, அந்தச் சாயம் போன சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நிற்காதே. சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டு தைத்து அனுப்புகிறேன், உன் அளவை இம்முறை அப்பா வாசிக்க நான் சரிபார்த்தேன், மெலிந்திருந்தால் சொல், பிடித்துக் கொடுக்கிறேன்.

நீ நோய்நொடியில்லாமல், யாருக்கும் தலைகுனியாமல், நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். சனிக்கிழமைதோறும் அண்ணனுக்குப் போன் பண்ணு. எடுக்க மாட்டான், பரவாயில்லை, பண்ணு. அந்த நான்கு பக்கத் தவறுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு கட்டுரையை முதலிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறானாம். எழுதி முடித்ததும் இதழ் எதற்கும் அனுப்புவதற்கு முன்னால் முதலில் உனக்குத்தான் அனுப்பப் போகிறானாம், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறான், அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். வந்தால் அண்ணன் என்று தயவு தாட்சண்யம் பார்க்காதே. தப்பு இருந்தால் ஐந்து பக்கம் எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
(அப்பாவும் இதைப் படித்துப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டார்.)