சங்குத்துறை ஓடக்கழகம் தோற்றது குறித்து அரசி விடுத்த ஓலை

நன்று நிலைபெறுக. கருநீலியாற்றின் நீரால் விளையும் ஆம்பல்வள நாட்டை ஆள்பவளும், எட்டுத் துறைகளுக்கும் பன்னிரு மலைக்கோட்டங்களுக்கும் உரியவளுமான இளநாகைத் தேவியாகிய யாம், எம் ஆட்சியின் ஒன்பதாம் ஆண்டு மாசித் திங்கள் ஆறாம் நாள், சங்குத்துறை அதிகாரியும் எம் தந்தையார் காலந்தொட்டு இவ்வரசுக்கு உழைத்தவருமான பூதனரையருக்கு விடுக்கும் ஓலை. நும் குடி தழைக்க. நும் துறைக்கு வரும் கலங்கள் பழுதின்றி வந்து சேர்க. முழங்கால் நோவினால் தலைநகர் வர இயலவில்லை என்று எழுதியிருந்தீர். ஆகவே இங்கு நடந்த விசாரணையை நீர் நேரில் கண்டதுபோல் அறியும்பொருட்டு யாமே விரித்து எழுதுவிக்கிறோம்.

தைப் பூச நாளின் ஓடப்பந்தயத்தில், பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து வென்ற சங்குத்துறை ஓடக்கழகம், அக்கரையிலுள்ள அயல்நாட்டு ஊராகிய புன்னைக்கரையிடம் அரை ஓட நீளத்தில் தோற்றது என்று நும் முன்னோலை கூறிற்று. கழகத் தலைவியாகிய உப்பளத்து எயினி, கார்த்திகையில் பன்னிரண்டு நாள் அக்கரையில் தங்கி, எதிரணிக்கே துடுப்புப் பயிற்சி தந்தாளென்றும், அதனை இரண்டகம் எனக் கருதிச் சிறையிட்டீரென்றும் அறிந்தோம். அவளை நாடுகடத்தவும், இனி அவ்வோடத்தைச் சம்பளம் பெறும் படைவீரரைக் கொண்டு செலுத்தவும் இசைவு வேண்டினீர். படித்த அன்றே இசைவெழுத எம் கை நீண்டது, அதை மறைப்பதற்கில்லை. அப்பெண்ணின் வாய்ச்சொல்லையும் கேட்டபின் எழுதலாமே என்று எம் ஓலைநாயகர் தடுத்தார். ஆதலின் அவளையும், அவளோடு துடுப்புப் பிடிக்கும் நெசவாளர் கொற்றனையும், பந்தயத்தில் நீர்வட்டில் வைத்து நேரம் அளக்கும் கணியரையும் அழைப்பித்தோம்.

நீர் அத்துறைக்கு வந்து மூன்றாண்டே ஆயிற்று. கழகத்தின் பழைய வரலாறு நுமக்குத் தெரியாதிருக்கலாம். கொற்றன் அதனைச் சபையில் உரைத்தான். அவன் தொடக்க நாளிலிருந்தே அவ்வோடத்தில் இருப்பவன்.

முதற்பந்தயத்தில் அவர்களிடம் இருந்தது மீன்பிடி ஓடம் ஒன்றே. குயவர், நெசவாளர், உப்பளத்தார், ஒரு மருத்துவர் என இருபதின்மர் விடியலில் கூடித் துடுப்புப் பிடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் தத்தம் தொழிலுக்குத் திரும்பினர். நான்கு ஆண்டுகள் தொடர்ந்து தோற்றனர். நான்காம் தோல்விக்குப் பின், கழகத்தைக் கலைத்துவிடலாம் என்று பாதிப்பேர் சொல்ல, கொற்றன் அக்கரைக்குப் போய், வென்ற அணியின் தலைவர் நெடுங்கண்ணரிடமே, நீங்கள் எப்படி வெல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டான். அவர் நகைக்கவில்லை. மறுவாரமே இக்கரைக்கு வந்து இவர்கள் ஓடத்தில் பத்து நாள் அமர்ந்தார். நீங்கள் கையால் இழுக்கிறீர்கள், காலால் உதைத்து முதுகால் இழுக்க வேண்டும் என்று காட்டித் தந்தார். அடுத்த தையில் சங்குத்துறை வென்றது. தோற்ற நெடுங்கண்ணரே முதலில் வந்து அவர்களைத் தழுவிக்கொண்டார்.

அன்று கழகம் தனக்கொரு விதி செய்துகொண்டது. தோற்றவர் கேட்டால் வென்றவர் ஆளனுப்பிப் பயிற்சி தர வேண்டும். நெடுங்கண்ணர் இறந்தபின் புன்னைக்கரையார் நாணத்தினாலோ செருக்கினாலோ கேட்கவேயில்லை. சென்ற ஆண்டு தலைமைக்கு வந்த கொல்லர் வேட்டன்தான் முதன்முறையாகக் கேட்டார், எயினி சென்றாள்.

இன்னொன்றும் கேளும். வென்ற நாளில் மாலைகளோடு நீர் கரையில் காத்து நிற்க, அவர்கள் ஓடத்தை விட்டு இறங்காமல் பேசிக்கொண்டிருந்தது செருக்கு என்று எழுதியிருந்தீர். அவர்கள் என்ன பேசினர் என்று வினவினோம். பந்தயம் முடிந்ததும், மாலை கழுத்தில் விழுமுன், இருபதின்மரும் அவரவர் செய்த பிழையை அவரவரே சொல்ல வேண்டுமாம். ஒருவர் மற்றவர் பிழையைச் சொல்லக்கூடாதாம். பதினேழு வெற்றியிலும் பிழை இல்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. இதைக் கேட்டபின், எம் அமைச்சரவையில் அமர்ந்திருந்தோர் சிறிதுநேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பின்னர் எயினியை நோக்கி, வேண்டுமென்றே தளர்ந்து துடுப்பிட்டீர்களா என்று வினவினோம். பதினொரு நாள் சிறையிருந்தும் அவள் தலைதாழ்த்தவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுக என்றோம்: "நாங்க விடலைங்க, அம்மா. உசிரக் குடுத்துத்தான் இழுத்தோம். அவங்க எங்களவிட நல்லா இழுத்தாங்க. அவ்வளவுதான்."

இச்சொல்லை நம்புவதா என்று யாம் தயங்கிய வேளையில் கணியர் தம் ஏடுகளை விரித்தார். சங்குத்துறை ஓடம் வென்ற பதினேழு ஆண்டுகளிலும் ஒருமுறையேனும் ஒரு நாழிகைக்குள் எல்லையைத் தொட்டதில்லை. சென்ற ஆண்டு ஒரு நாழிகையும் நான்கு விநாடியும் ஆயிற்று. தோற்ற இவ்வாண்டோ, ஒரு நாழிகைக்கு இரண்டு விநாடி குறைவாகவே வந்து சேர்ந்தது. பூதனரையரே, அவர்கள் தம் வாழ்நாளில் மிக விரைந்து துடுப்பிட்ட நாள், நீர் அவர்கள் தலைவியைச் சிறைப்பிடித்த நாளேயாம்.

அவ்வேளையில் வாயிற்காவலர் வந்து, அக்கரைத் தலைவர் வேட்டன் அழைப்பின்றியே வந்து நிற்கிறார் என்றனர். அயல்நாட்டார் அனுமதியின்றி நம் தலைநகர் புகுந்தால் சிறை என்பதை அவர் அறிந்தே வந்திருந்தார். தாம் வென்ற கொடியை எயினியின் காலடியில் வைத்து, இவளால் வந்த வெற்றிக்கு இவள் சிறையிருப்பதானால் எமக்கு அவ்வெற்றி வேண்டா என்றார். சபை உருகியது, யாமும் உருகினோம். உருகாதவள் எயினி ஒருத்தியே. அவள் சினத்தோடு உரைத்ததையும் அப்படியே எழுதுவித்தோம்: "கொடிய எடுங்க அண்ணே. தோத்தவ கையில குடுத்து என்னக் கேவலப்படுத்தாதீங்க. வர்ற தையில நானே வந்து வாங்கிக்கிறேன். அது கெடக்கட்டும், எங்களுக்குச் சொல்லித்தர யார அனுப்பப் போறீங்க?"

வேட்டன் சிறிது திகைத்து, பின் வாய்விட்டுச் சிரித்து, தம் தங்கை நன்னியை அனுப்புவதாகச் சொன்னார். துடுப்பை நீரிலிருந்து எடுக்கும் கணத்தில் அவள் செய்யும் மணிக்கட்டுத் திருப்பமே இவ்வாண்டு அந்த அரை ஓட நீளத்தைத் தந்தது என்றும் ஒளிக்காமல் உரைத்தார். எயினி அங்கேயே, எம் முன்னிலையென்றும் பாராமல், தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

படைவீரரைக் கொண்டு ஓடம் செலுத்தும் நும் கருத்தையும் கழகத்தார்முன் வைத்தோம். அவர்களுக்கே அச்சம்பளத்தைத் தரலாமே என்றும் கேட்டோம். கொற்றன் பணிவோடு மறுத்தான்: "சம்பளம் வாங்கினா அதும் ஒரு வேலையாப் போயிரும் தாயே. வேலைதான் எங்களுக்குத் தறியில இருக்கே." நீர் சோதனைக்கு ஏற்றிய படைவீரர் இருபதின்மர் ஓடத்தை மணல்திட்டில் ஏற்றிய செய்தியும் எம் செவிக்கு எட்டிற்று. ஓடம் பழுதாகவில்லை என்பதில் ஆறுதல் கொண்டோம்.

துறையில் சொல்லாமல் அயல்நாட்டில் தங்கியது எயினியின் குற்றமே. அதனை அவளும் ஒப்புக்கொண்டாள். அதற்கு உரிய தண்டத்தினும் மிகுதியாக அவள் சிறையில் கழித்துவிட்டமையால் அவளை விடுவித்தோம். வேட்டனையும் தண்டமின்றி எம் படகிலேயே அனுப்பினோம். நும்மேல் எமக்குச் சினமில்லை. விருந்தினரை அழைத்து வெற்றியைக் காட்ட நினைத்த நாளில் தோல்வி வந்தது நுமக்கு நாணமாயிற்று என்பதை உணர்கிறோம்.

ஆகவே யாம் இடும் ஆணை: கழகத்தின் ஓடக்கொட்டிலைப் பூட்டி நீர் இட்ட முத்திரையை இன்றே அகற்றுக. எயினி சிறையிருந்த நாளில் பருவம் தப்பிய மழையால் அவள் உப்புப் பாத்திகள் கரைந்தன என்று அறிந்தோம். அரசு உப்பளத்தார் பதின்மரை அனுப்பி அவற்றைத் திருத்தித் தருக. பங்குனி முதல் வாரம் புன்னைக்கரையிலிருந்து வரும் நன்னியைத் துறையில் தடுக்காமல், நீரே நின்று வரவேற்க. கழகத்தில் அரசின் ஆளோ அரசின் சம்பளமோ இனி நுழையலாகாது. வரும் தைப் பந்தயத்தில் நம் ஓடம் வென்றால் வென்றதென எழுதுக. தோற்றால் தோற்றதென மட்டும் எழுதுக. குற்றவாளியைத் தேட வேண்டா.

இவ்வோலையைத் துறையில் கூட்டத்தார்முன் உரக்கப் படிப்பிக்க. எம் சொற்படி எழுதினவன் ஓலைநாயகன் கீரங்குமரன். ஆம்பற்பூ முத்திரை எம் கையாலேயே இட்டோம். ஆறும் ஊரும் இருகரையும் வாழ்க.