கன்று நக்கிய மூலை

திருச்சானூர் அறையில் இன்று மறுபடியும் அந்த வாடை. எருமைப்பாலில் கடுக்காய்ப் பொடி கலந்து, புதுத் துணியை ஊறப்போட்டுப் பிழிந்து, பின்பக்கக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். வெயில் ஏற ஏறப் பால் புளிக்கும் வாடை ஜன்னல் வழியே வந்துவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்ட நீ இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

துணியில் மையால் வரையும் கலம்காரி வகுப்பின் முதல் வாரம் எவ்வளவு அலுத்துக்கொண்டாய்! டேப்லெட்டில் வரைந்தே பழகியவள் நீ. "ஒரு பட்டன அமுக்குனா தப்பு அழிஞ்சிடுது. இங்க இன்னாடி, துணிக்குப் போயி பால் ஊத்திக்கினு கீறோம்" என்றாய். பால் ஏறாத துணியில் மை பரவிவிடும் என்று சொன்னேன். நீ நம்பவில்லை.

நம்ப வைத்தது வீட்டுக்காரம்மாவின் கன்று. உன் துணியைக் கொடியில் தாழ்வாகப் போட்டிருந்தாய். நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது ஒரு மூலையை ருசித்து நக்கிக்கொண்டிருந்தது. காய்ந்தால் சரியாகிவிடும் என்றாய். மறுநாள் அதில் சந்திரகிரிக் கோட்டை மதிலையும் பின்னாலிருக்கும் பாறை மலையையும் வரைந்தாய். கோடெல்லாம் அழகாக நின்றது. அந்த மூலைக்கு வந்ததும் மட்டும் மை உன் பேச்சைக் கேட்கவில்லை. மதிலின் அடி கரைந்து கறுப்பாகப் பரவியது. வேறு துணி எடு என்றேன். நீ வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாய்.

"இருக்கட்டும்டி. கன்னுக்குட்டியும் சேந்து வரைஞ்சிக்கீது."

ஷேர் ஆட்டோவில் போகும்போதும் அதே பேச்சு. அப்படியானால் நாலு வார்த்தை சொன்னதும் கம்ப்யூட்டர் போட்டுத் தரும் படமும் கலைதானா என்று கேட்டேன். "இருக்கலாம். ஆனா கன்னுக்குட்டிக்குப் பால் ருசி தெரியும். அதுக்கு இன்னா தெரியும்?" என்றாய். இன்னொரு நாள் உன்னை மடக்கலாம் என்று விட்டுவிட்டேன். காய்ச்சல் என்று சித்தூரில் இருக்கும் உன் வீட்டுக்கு பஸ் ஏறியவள் திரும்பி வராமலே போவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் உன் நைனா போன் செய்தார். சர்ச்சில் உனக்கு நினைவுக் கூட்டம். உன் போட்டோவுக்குப் பக்கத்தில் அந்தத் துணி ஓவியத்தையும் படமெடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைக்க ஆசைப்பட்டார்.

"அந்தக் கறைய மட்டும் எடுத்துட முடியுமாம்மா? நாலு பேரு பாப்பாங்க. எம்பொண்ணுக்குச் சரியா வரையத் தெரியலன்னு ஆயிடக்கூடாது."

பெற்றவரிடம் எப்படி மறுப்பது? அவர் அனுப்பிய படத்தை லேப்டாப்பில் திறந்து, கறையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பட்டனை அமுக்கினேன். கண் இமைப்பதற்குள் கறை போய், அந்த இடத்தில் கல் கல்லாக அடுக்கி மதில் எழும்பிவிட்டது. எது நீ போட்ட கல், எது அது போட்ட கல் என்று எனக்கே தெரியவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மூலையில் உன்னைக் காணோம். லேப்டாப்பை மூடிவிட்டு அழுதேன்.

இரண்டையும் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு சித்தூர் போனேன். கறையில்லாததைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா கீதும்மா" என்றார் நைனா. அப்புறம்தான் கன்றின் கதையைச் சொன்னேன். நீ சொன்னதையும் சிரித்ததையும் சொன்னேன். அவருக்கும் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்துவிட்டது. கறை உள்ள படத்தை இழுத்து மடியில் வைத்து, அந்த மூலையை விரலால் தடவினார்.

"இங்கதான் சிரிச்சாளா?"

ஆமாம் என்றேன். கூட்டத்தில் அதைத்தான் வைத்தார்.

வெயில் சாய்கிறது, துணியை எடுக்க வேண்டும். இப்போதெல்லாம் எந்தத் துணியைக் காயப்போட்டாலும் ஒரு மூலையைத் தாழ்வாகத் தொங்கவிடுகிறேன். அந்தக் கன்று வளர்ந்துவிட்டது. பக்கத்தில் வருகிறது, முகர்ந்து பார்க்கிறது, போய்விடுகிறது.