பிடித்து வைக்கும் புரதம்

ஜூன் 17, திங்கள்
கச்சான் காற்று. கண்ணெல்லாம் மண். வாணியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம், அம்மாவும் நானும். தங்கைக்கு வயது பதினைந்து. பார்த்தால் பத்து. ஆறு வயதிலிருந்து இன்சுலின்.

உயரம்: போன வருடம் நின்ற அதே கோடு.

"மருந்து ஒழுங்காப் போகுதா?" டொக்டர்.

"ஓம் டொக்டர், நேரம் தவறாமல். நானே போடுறனான்." அம்மா.

என்னிடம்: "நீர் உயிர் இரசாயனம் படிச்சனீர்தானே? வளர்ச்சிக் காரணியைப் பிடிச்சு வைக்கிற புரதம் இவவுக்குக் கூட. அம்மாவுக்கு விளங்கப்படுத்தும்."

திரும்பும்போது இராணுவச் சோதனைச் சாவடி. ஆமிக்காரி என் பையைக் கொட்டினாள், உடம்பைத் தடவினாள். வாணியைக் கன்னத்தில் தட்டி அனுப்பினாள். வாணிக்கு அழுகை. "ஏன் என்னைச் சோதிக்கேல்லை? நான் என்ன பால்குடியா?"

சோதனைக்கு ஏங்கும் பிள்ளை. என்ன ஊர் இது.

ஜூன் 18, செவ்வாய்
குசினியில் விளக்கம். இன்சுலின் போதாவிட்டால் ஈரல் அந்தப் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும். அது வளர்ச்சிக் காரணியைக் கவ்வும். இரத்தத்தில் இருந்தும் எலும்புக்கு உதவாது. "சாவடி மாதிரி," என்றேன். "மறிச்சு வைக்கிறது."

வாணி: "என்ர ரத்தத்துக்குள்ளயும் ஆமியைக் கொண்டுவந்து விட்டிட்டியள் அக்கா. பெரிய கெட்டிக்காரி."

வெட்கம். உவமை எனக்கு இனித்தது. உடம்பு அவளுடையது.

அம்மா குனிந்தபடி தேங்காய் துருவல்.

மாமி வந்தா. "இன்னும் பெரியபிள்ளை ஆகேல்லையோ? என்ர மகள் இவளிலும் இளமை, சடங்கே முடிஞ்சுது." தேத்தண்ணீர் கொடுத்தது வீண்.

உறுத்துகிறது: 'போதாவிட்டால்.' நேரம் தவறாமல் போகிறதே?

ஜூன் 20, வியாழன்
வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. மருந்து ஹனீபா நானாவின் கூல்பார்க் கடைப் பெட்டியில், சோடாவுக்குப் பக்கத்தில். எடுப்பது எப்போதும் அம்மா. இன்று அம்மாவுக்குத் தலையிடி. நான்.

"தங்கச்சி, இந்தப் போத்தலெல்லாம் எப்ப எடுக்கப் போறீங்க? ஐஸ்பழம் வைக்க இடமில்ல. எனக்குச் சீனி வருத்தம் வந்தாலும் இதுல ஓட்டலாம் போல."

திறக்காத போத்தல்கள். பாதிக்குத் திகதி முடிந்துவிட்டது.

வீட்டில் கத்தினேன். "எவ்வளவு போடுறியள்?"

"பாதி. சிலநேரம் கொஞ்சம் கூட."

"எப்ப தொடக்கம்?"

"சண்டையில பாதை பூட்டி மருந்து வராமல் போனதில இருந்து."

"அது திறந்து எவ்வளவு காலம்!"

"திரும்பப் பூட்டினால்? நீ அப்ப கம்பஸில இருந்தனீ. கடைசிப் போத்தலைக் கவிழ்த்துப் பிடிச்சுக்கொண்டு நான் இருந்தனான், இவளோட. மூச்சில பழவாசம். அது உன்ர புத்தகத்தில இருக்கா?"

இருக்கிறது. இன்சுலின் தீர்ந்தால் வரும் மயக்கத்தின் அறிகுறி என்று ஒரு வரி.

யாரில் கோபப்பட? அம்மாவில், ஓம். அதைவிட, மருந்தை மறித்தால் யுத்தம் வெல்லலாம் என்று எங்கோ பதவிக் கதிரையிலிருந்து யோசித்தவனில். அவன் பிள்ளை எவ்வளவு உயரம்?

ஜூன் 22, சனி
டொக்டரிடம் அம்மாவே சொன்னா. தலை நிமிரவில்லை. அவர் ஏசவில்லை. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார். மணிக்கட்டு எக்ஸ்ரே: எலும்பு இன்னும் மூடவில்லை. வளர இடமுண்டு.

பின்னேரம் சீனன்குடாப் பக்கம் வெடிச்சத்தம். குச்சவெளி பஸ் பாதியில் திரும்பிவிட்டதாம்; பாதை திரும்பப் பூட்டுமோ என்று பேச்சு. அம்மா ஊசியில் மருந்தை இழுத்தா. பழைய பாதி அளவுக் கோட்டில் கை நின்றது.

வாணி சட்டையை உயர்த்திக்கொண்டு நின்றாள். "இன்னும் இழுங்கோ அம்மா."

அம்மாவின் கண் வாசலில்.

"ரோட்டைப் பாக்காதேங்கோ. என்னைப் பாருங்கோ."