பயிற்சிக்கு ஒரு கேஸ்

என் செல்லப் பாப்பாவுக்கு,

போன வாரம் வீட்டுக்கு வந்து, உன் சமூகப் பணி முதுகலைப் பாடத்துக்காக என்னைப் பேட்டி எடுத்துப் பழகினாயே, அந்த ஒலிப்பதிவைக் கேட்டு விரிவுரையாளர் உன்னைப் பாராட்டினாராமே! நடித்த எனக்கு ஒரு மாலைகூட இல்லையா?

அது போகட்டும். படிப்பைத் தள்ளிவைத்துவிட்டு நம் ஊர் ரெம்பியாவுக்கே திரும்பப் போகிறேன் என்கிறாயே, அது சுத்தப் பைத்தியக்காரத்தனம். "ஏதாவது கற்பனைப் பிரச்சினை சொல்லும்மா" என்று நீதானே கேட்டாய்? மகளைக் கோலாலம்பூருக்குப் படிக்க அனுப்பிவிட்டுத் தங்கா பத்து என்கிற வேறோர் ஊரில் தனியாக இருக்கும் பெண்மணி ஒருத்தியை உருவாக்கினேன். பழக்கதோஷத்தில் அவள் இன்னமும் இரண்டு கோப்பை தேத்தண்ணி கலக்குகிறாள் என்றேன். "அப்புறம்?" என்று கேட்டுவிட்டு நீ சும்மா இருந்தாய் பார், அதுதான் வினை. உன் புத்தகத்தில் அதற்கு மௌனத் திறன் என்று பெயராம். கல்யாண வீட்டில் நாலு பேர் பேசுவதை ஒருத்தியாகப் பேசுகிறவள் நான். அந்த மௌனத்தை எப்படித் தாங்குவேன்? அழுதுவிட்டேன். அதுவும் நடிப்புதான்.

பக்கத்துவீட்டு அஜீசா அக்காவிடமும் இதையே சொன்னேன். "நடிப்பாடி? அப்ப தெனம் அந்த ரெண்டாவது தேத்தண்ணியக் குடிக்கிறது யாரு, நான்தானே லா!" என்கிறார். அவருக்கு என்னைவிட வாய் அதிகம்.

ஆகவே படிப்பை விடாதே. சனிக்கிழமை மட்டும் பஸ் ஏறி வா. அந்தத் தங்கா பத்துப் பெண்மணிக்கு இன்னும் கொஞ்சம் பேச வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் முதல் கேஸ்