பதினேழு பேருக்கு எழுதியவன்

அன்புள்ள செலின்,

வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு வளர்மதிதான் கொடுத்தாள். "டீச்சர் ரிட்டயர் ஆன மறுநாளே திருச்சிக்கு, பொண்ணு வூட்டுக்குப் போயிட்டாங்க. உங்ககிட்ட சொல்லலிங்களா?" என்று கேட்டாள். நீ சொன்னதாகத் தலையாட்டிவிட்டேன்.

மும்பையில் கச்சேரி நன்றாக நடந்தது. பதினேழு பேர் கொண்ட ஜாஸ் குழு, இரண்டு மணி நேரமும் நான் எழுதிய இசையையே வாசித்தது. கடைசியில் என்னையும் சாக்ஸபோனோடு மேடைக்குக் கூப்பிட்டார்கள். பாதியிலேயே எனக்கு மூச்சு போதவில்லை. பக்கத்தில் நின்றவர் மீதியை வாசித்து முடித்தார். டாக்டர் சொன்னதை உன்னிடம் நேரில் சொல்லலாம் என்று வந்தேன். இனி எங்கும் போகப்போவதில்லை என்பதையும்.

நான் ஓட்டல்களிலும் கப்பல்களிலும் வாசித்துக்கொண்டிருந்த முப்பது வருடத்தில் நீ ஸ்கூலுக்கும் போய், மகளையும் வளர்த்து, வடக்குத்து ஊரில் இந்த வீட்டையும் கட்டியிருக்கிறாய். எந்த சுவிட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பதினேழு பேரும் எங்கெங்கே மூச்சு வாங்கலாம் என்று பார்த்துப் பார்த்து எழுதியவன் நான். உன்னை நலம் விசாரித்து ஒரு வரி எழுதியதில்லை. இதுதான் முதல் கடிதம். எப்படி இருக்கிறாய்?

மாத்திரையைச் சரியாகப் போட்டுக்கொள்கிறேன். மகளிடம் என் உடம்பைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம்.

காலையில் பால்காரர் எத்தனை பாக்கெட் என்று கேட்டார். இரண்டு என்று சொல்லிவிட்டேன்.

உன் வீட்டில் இருக்கும்
உன் கணவன்