கட்டம் பிடிபடாத பத்தொன்பது நிமிடம்

ஏப்ரல் 8, செவ்வாய்

எங்கள் நிறுவனத்தின் திருச்சுழி ஃபைபர் லைன் இன்று மதியம் மூன்று முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் சில நொடிகள்தான். கண்ணாடி இழை அறவில்லை, அதில் வரும் ஒளியும் குறையவில்லை. ஆனால் அருப்புக்கோட்டையில் என் முன்னால் இருக்கும் பெட்டிக்கு, வருகிற ஒளியில் கட்டம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை.

ஜெகதீஸ்வரன் சாரிடம் சொன்னேன். கிளை மேலாளர், விற்பனைப் பக்கமிருந்து வந்தவர்.

"இடைவெளியே விடாம எழுதுன கடுதாசி மாதிரி சார். பிட்டுங்கிறது எழுத்து. அறுபத்தாறு பிட்டு ஒரு கட்டம். கட்டத்தோட தலையில ரெண்டு பிட்டு, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அந்த அடையாளத்தைத் தேடி பெட்டி ஒவ்வொரு பிட்டா நகந்து பாக்கும். வரிசையா அறுபத்துநாலு கட்டம் சரியா வந்தாத்தான் நம்பும். இப்பப் பிடிக்கப் பிடிக்க வழுக்குது."

"லைட்டு வருதுல்ல?"

"வருது சார்."

"பெறகென்ன?"

ஏப்ரல் 11, வெள்ளி

திருச்சுழிக்கே போய்ப் பார்த்தேன். எங்கள் கருவி அறையில் ஏ.சி. ஓடி ஒரு மாதமாயிற்றாம். உள்ளே 47 டிகிரி. ஒளியை அனுப்பும் கார்டைத் தொட முடியவில்லை. பிட்டுகளுக்குத் தாளம் போடும் அதன் கடிகாரம் சூட்டில் தடுமாறுகிறது, அதனால்தான் இந்தப் பக்கம் கட்டம் நழுவுகிறது. கார்டையும் மாற்ற வேண்டும், ஏ.சி.யையும் சரிசெய்ய வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினேன்.

அங்குள்ள செல்போன் டவரும் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியும் இதே இழையில்தான். ஆஸ்பத்திரி நர்ஸ் காளீஸ்வரி பிடித்துக்கொண்டாள். "ஈசிஜியை மதுரைக்கு அனுப்பி, டாக்டர் பாத்துச் சொன்னாத்தான் நாங்க ஊசி போடலாம். மத்தியானமானா போகவே மாட்டேங்குதுக்கா. சீக்கிரம் பாருங்க."

ஏப்ரல் 22, செவ்வாய்

பதில் இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

லைன் விழுந்ததாக ஒரே நாளில் முப்பத்தொரு அலாரம். எல்லாம் தலைமை அலுவலகக் கணக்கில் ஏறுகின்றன. சார் கூப்பிட்டார்.

"மாசக் கடைசி. நம்ம கிளை பேரு கெடுது. கார்டு வார வரைக்கும் அந்த அலாரத்தை அமத்தி வையி செல்வி."

அமர்த்தினேன். என் லாகினில். வாதாடத் தெம்பில்லை — பொய். தெம்பிருந்தது.

மே 6, செவ்வாய்

1.52 முதல் 2.11 வரை. பத்தொன்பது நிமிடம் ஒரு கட்டம்கூடப் பிடிபடவில்லை.

எனக்குத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அலாரம் அடித்திருந்தால் பந்தல்குடி சுற்றுவழிக்கு மாற்றியிருப்பேன். குறுகிய வழி, அவசரத்துக்கு மட்டும்தான் தாங்கும்; ஆனால் இரண்டு நிமிட வேலை.

2.20க்குக் காளீஸ்வரி போன். "எம்.ரெட்டியபட்டிக்காரரு ஒருத்தரு, அக்கா. நெஞ்சுவலின்னு பைக்குல நடுவுல உக்கார வச்சுக் கொண்டாந்தாக. ஈசிஜி போகலை. போனும் போகலை. ஒருத்தருக்கும் சொல்ல முடியலைக்கா. எங்க ஆம்புலன்ஸ்ல ஏத்தப் போனோம், அதுக்குள்ள…"

நல்லமுத்து. ஐம்பத்திரண்டு வயது.

மே 7, புதன்

ஏன் அமத்துனேன்? ஏன் சரின்னேன்?

மே 9, வெள்ளி

சார் ஒரு அறிக்கையோடு வந்தார். காரணம்: மின்தடை. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"அன்னைக்குக் கரண்டு போகவே இல்லையே சார்."

"அலாரத்தை அமத்துனது யாரு லாகின்?"

"நீங்க சொல்லித்தான சார் அமத்துனேன்?"

"எழுத்துல இருக்கா?"

இல்லை. பேனாவை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மே 12, திங்கள்

நானே எழுதினேன். ஏப்ரலிலிருந்து கட்டம் நழுவிய ஒவ்வொரு நேரமும், அலாரத்தை யார் சொல்லி யார் அமர்த்தினார்கள் என்பதும். தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று.

மாலையில் என் லாகின் திறக்கவில்லை.

மே 18, ஞாயிறு

எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன். நல்லமுத்துவின் மனைவி மூக்கம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கேட்டார்.

"நீங்க அதை அமத்தாம இருந்தா அவுக பொழச்சிருப்பாகளா?"

"உறுதியாத் தெரியலம்மா. மதுரை டாக்டர் பாத்திருப்பாக, ஊசி போட்டிருப்பாக. பொழச்சிருக்கலாம்."

"கம்பெனிப் பக்கம் கரண்டு இல்லாமப் போச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாக. சரி, விதின்னு கெடந்தேன். அதையும் பிடுங்கிட்டுப் போகவா வந்தீக?"

கடிதத்தின் நகலை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

ஜூன் 2, திங்கள்

வேலை நீக்க உத்தரவு வந்தது. காரணம் ஒரே வரி: அனுமதியின்றி அலாரத்தை அமர்த்தியது.

ஜூலை 3, வியாழன்

பதிவுத் தபால். மூக்கம்மாள் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். ஆவணப் பட்டியலில் முதலாவது என் கடிதம். எதிர்மனுதாரர்கள் மூன்று பேர்: நிறுவனம், ஜெகதீஸ்வரன், தங்கச்செல்வி என்கிற நான்.

மனுவை இரண்டு தடவை படித்தேன். ஒரு வார்த்தைகூடத் தப்பாக எழுதவில்லை.

வக்கீல் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் வீட்டில். வைக்கவில்லை. விசாரணை ஆகஸ்ட் 14, காலை பத்தரை மணி, விருதுநகர். எட்டு மணி பஸ்ஸுக்கே போய்விட வேண்டும்.