வெயிலுக்கு இறங்கும் துணிகள்

குரங்கணிக்கு மேலே, முகாம்
8.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தையும் நலந்தானே? இங்கே போனில் ஒரு கோடுகூட ஏறவில்லை. அதனால்தான் ஜீப்பு முனீஸ்வரன் அண்ணனிடம் கடிதம் கொடுத்துவிடுகிறேன்.

ஏலப்பூவுக்கு வரும் தேனீக்களை எண்ணும் வேலை நன்றாகப் போகிறது. ஐப்பசியில் முடிந்துவிடும். துணிதான் பெரும்பாடு. ஓடையில் சோப்புப் போடக்கூடாது, கீழே இருப்பவர்கள் குடிக்கிற தண்ணீர். வாளியில் மொண்டு, தள்ளிப்போய்ப் பாறையில் வைத்துக் கும்முகிறேன். ஓயாத சாரல். கூடாரத்துக்குள் கொடி கட்டிக் காயப்போட்டால், போட்டதைவிட ஈரமாக எடுக்கிறேன்!

மூன்று சுடிதாரை மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறேன். நம் பம்புசெட்டில் அலசிப் போட்டால் அரை நாளில் காய்ந்துவிடும். அத்தையிடம் கொடுக்காதீர்கள், உங்கள் அம்மாவைத்தான் தெரியுமே, முழங்கால் வலியோடு துவைக்க உட்கார்ந்துவிடுவார்.

அன்புடன்,
சுஜிதா

ராசிங்காபுரம்
11.9.2024

அன்புள்ள சுஜிக்கு,

துணி அனுப்பியிருக்கிறேன். நானேதான் துவைத்தேன். கம்பியில் போடும்போது உக்கிரபாண்டி அண்ணன் பார்த்துவிட்டார். "என்ன மாப்ளே, பொண்டாட்டி துணி தொவைக்கிற சோலி எப்பருந்து?" என்றார். சாயங்காலம் டீக்கடை முழுக்க அதே பேச்சு, அதே சிரிப்பு.

அம்மாவுக்கும் சேதி போய்விட்டது. "ஊரே சிரிக்குது. அவளை வெரசா எறங்கி வரச் சொல்லு" என்கிறார். எனக்கும் ஒருமாதிரியாகிவிட்டது. கம்பியில் கிடந்ததை உருவி மோட்டார் ரூமுக்குள் மாட்டிவிட்டேன். கொஞ்சம் வாடை அடித்தால் பொறுத்துக்கொள். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

உன்,
பிரபாகரன்

முகாம்
17.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

துணியெல்லாம் கிரீசு வாடை. போட்டுக்கொண்டு போனால் ஒரு தேனீகூடப் பக்கத்தில் வரவில்லை. கோபமில்லை மாமா. உங்களை ஒளிய வைத்துவிட்டேனே என்றுதான் வருத்தம்.

இனி நானே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கூத்துச் செய்தேன். பக்கத்து எஸ்டேட்டில் ஏலக்காயை அனலில் காயவைக்கும் ஸ்டோர் ரூமில், யாரிடமும் கேட்காமல் ஈரத்துணியை மாட்டிவிட்டேன். காலையில் கதவைத் திறந்தால் அறை முழுக்கச் சோப்பு மணம், காயெல்லாம் அதே மணம்! சூப்பர்வைசர் ஒரு காயை மோந்து பார்த்து, "இதை எந்த ஏலத்துலம்மா கொண்டுபோய் வைக்க?" என்று சத்தம் போட்டார். எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

போதும் மாமா. என்னால் அங்கேயும் சிரிப்பு, இங்கேயும் நட்டம். வேலையை விட்டுவிடுகிறேன் என்று எங்கள் முகாம் பொறுப்பாளர் சாரிடம் சொல்லப்போகிறேன். வெள்ளிக்கிழமை ஜீப்பில் இறங்கிவிடுவேன். அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

சுஜிதா

ராசிங்காபுரம்
19.9.2024

சுஜி,

இன்றைக்கே உன் கையில் சேரவேண்டும் என்று முனீஸ்வரனிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்புகிறேன். சாரிடம் எதுவும் சொல்லிவிடாதே.

நேற்று உன் கடிதத்தை வாசித்ததும் என்மேலேயே எரிச்சலாக வந்தது. நான் ஒளித்து மாட்டியதால்தானே நீ அந்த ஸ்டோர் ரூமைத் தேடிப் போனாய்? வீட்டில் கிடந்த உன் பழைய சுடிதார்களைத் துவைத்து, ரோட்டோரக் கம்பியில் வரிசையாகப் போட்டேன். உக்கிரபாண்டி அண்ணன் வண்டியை நிறுத்தினார். அவர் வாயைத் திறப்பதற்குள், "எம் பொண்டாட்டி துணிதான்ணே. மலையில வேலை பாக்குறா, அங்க காய மாட்டேங்குது" என்றேன். "அது சரி" என்றுவிட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

அம்மா என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறார். பேசுகிறபோது பேசட்டும்.

உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வா என்று எழுதத்தான் கை போகிறது. நீ வராதே, சுஜி. ஞாயிற்றுக்கிழமை நான் மேலே வருகிறேன்.

உன்,
பிரபாகரன்